புது பேட்டரி மாட்டியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்தாகிவிட்டது. கிளாம்பை (வயரை பேட்டரியோடு பிணைக்கும் உலோகப் பிடி) மாட்டி, பானெட்டையும் மூடியாகிவிட்டது. நம்பிக்கையோடு சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில வண்டிகளில் அந்தச் சத்தம்கூட வராது. இந்த நேரத்தில் கை தானாகவே மறுபடி மறுபடி சாவியைத் திருப்பும். அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் புது பேட்டரியின் சார்ஜைத் தின்கிறது. இணைப்பு எங்காவது லூசாக இருந்தால் அந்த இடம் சூடேறிக்கொண்டே போகிறது.

முதலில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பேட்டரியை மாற்றுவதற்குச் சற்று முன்பு வண்டி ஸ்டார்ட் ஆனதா?

திணறியாவது ஆனது, இன்னொரு வண்டியின் பேட்டரியை இணைத்து ஜம்ப் கொடுத்தாவது ஆனது என்றால், வண்டியில் அந்த அரைமணி நேரத்துக்குள் வேறு எதுவும் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கோளாறு உங்கள் கை பட்ட இடத்திலேயே இருக்கும்: டெர்மினல் (பேட்டரியின் மேல் நிற்கும் ஈய முனை), கிளாம்ப், அதோடு வரும் சின்ன வயர், ஃப்யூஸ், இல்லையென்றால் அந்தப் புது பேட்டரியேதான்.

"ஆகவே இல்லை, அதனால்தான் பேட்டரியை மாற்றினேன்" என்றால் பாதை வேறு. பழைய பேட்டரி நன்றாகவே இருந்திருக்கலாம். செல்ஃப் மோட்டாரோ (என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்), மைனஸைப் பாடியோடும் என்ஜினோடும் இணைக்கும் எர்த் வயரோ, திருட்டைத் தடுக்கும் பூட்டான இம்மொபிலைசரோ அன்றைக்கே கெட்டுப்போயிருக்கும். பேட்டரி மாறியும் கோளாறு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஜம்ப் கொடுத்தும் எடுக்காத வண்டிக்குப் புது பேட்டரி வாங்கி ஏமாந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். முதல் வகை என்றால் டெர்மினல் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். இரண்டாம் வகை என்றால் அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு செல்ஃப் பகுதிக்குப் போகலாம்.

கை வைக்கும் முன்

மோதிரம், உலோக வாட்ச், கையில் கிடக்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் நமக்கு ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரமோ ஸ்பேனரோ குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், நொடிக்குள் உலோகம் பழுத்துவிடும். விரலோடு சேர்ந்து பழுக்கும் மோதிரத்தை இழுத்துக் கழற்றவும் முடியாது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் தெரிந்தால் மறக்காது. வண்டியின் பாடி முழுவதும் மைனஸ்தான். மைனஸ் கிளாம்ப் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட். மைனஸைக் கழற்றிவிட்டால் அதே ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

உங்களிடம் மல்டிமீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சாதாரணமான மீட்டர் போதும். கீழே சொல்வதில் பாதியை அது இல்லாமலும் பார்க்கலாம். மீதிப் பாதியில் அது இல்லையென்றால் ஊகம்தான்.

சத்தத்தைக் கேளுங்கள்

யாரையாவது உட்கார வைத்து ஒரே ஒருமுறை சாவியைத் திருப்பச் சொல்லி, நீங்கள் பானெட் பக்கத்தில் நின்று கேளுங்கள். கார் நியூட்ரலிலோ பார்க்கிங்கிலோ இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை, உள்விளக்கும் எரியவில்லை என்றால் கரண்ட் வண்டிக்குள்ளேயே போகவில்லை. கிளாம்ப் சரியாகத் தொடவில்லை, அல்லது மெயின் ஃப்யூஸ் போயிருக்கிறது.

'டடடடடட' என்று வேகமாகச் சத்தம் வந்தால் கரண்ட் போகிறது, ஆனால் போதவில்லை. செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சொலினாய்டு காந்தமாகி ஒரு தடித்த சுவிட்சை இழுத்து மூடுகிறது. மூடிய கணமே மோட்டார் பெரும் கரண்டைக் கேட்கிறது. கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது. சரிந்ததும் சொலினாய்டுக்குப் பிடிக்கும் பலம் போய் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சுற்றுதான் நொடிக்குப் பலமுறை நமக்கு 'டடடட' என்று கேட்கிறது. இதைக் கேட்டால் செல்ஃபைச் சந்தேகிக்காதீர்கள். பேட்டரியின் சார்ஜும் டெர்மினலும்தான் முதல் சந்தேகம்.

ஒரே ஒரு கனமான 'டக்', அப்புறம் அமைதி என்றால் உள்விளக்கைப் பாருங்கள். அந்த நேரத்தில் விளக்கு மங்கி அணைகிற அளவுக்குப் போனால் இணைப்பு அல்லது சார்ஜ். விளக்கு அப்படியே பளிச்சென்று இருந்தால் கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை. சொலினாய்டு அல்லது செல்ஃப்.

டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று வருகிறது, சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை என்றால் செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. இம்மொபிலைசர், கியர் அல்லது கிளட்ச் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃபுக்கு உத்தரவுக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) இவற்றைப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடலாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

டெர்மினல்

இதை நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இங்கேதான் தீர்ந்திருக்கின்றன.

கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கருவி வேண்டாம், வெறும் கை. ஒரு நூலளவு அசைந்தாலும் அது லூஸ்தான். "நட்டு முழுக்க இறுகிவிட்டது, இதற்கு மேல் போகாது" என்று தோன்றும். கிளாம்பின் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் நட்டு இறுகும், டெர்மினல் இறுகாது.

எனக்கு இது ஒரு மாலை முழுக்கப் பாடம் எடுத்தது. புது பேட்டரி போட்டேன். டேஷ்போர்டு பளிச், ஹாரன் கணீர், ஹெட்லைட்டும் அருமை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று எல்லாம் அணைந்துபோகும். விளக்கெல்லாம் எரிகிறதே, இணைப்பில் என்ன குறை இருக்க முடியும் என்று செல்ஃபைத் தட்டுவது, ஃப்யூஸைப் பிடுங்குவது என்று இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் மைனஸ் கிளாம்பில் கை ஊன்றியபோது அது என் விரலோடு சேர்ந்து மெல்லத் திரும்பியது. பழைய பேட்டரிக்குத் தடித்த டெர்மினல், புதியதற்கு மெல்லியது. நட்டை நான் முழு பலத்தோடு இறுக்கியிருந்தேன், ஆனால் கிளாம்ப் டெர்மினலைச் சும்மா சூழ்ந்து நின்றுகொண்டிருந்தது.

விளக்கு எரிந்தும் செல்ஃப் ஏன் சுற்றவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த லூஸ் இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்விளக்கு 1 ஆம்பியர்கூட எடுக்காது, இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் 150 ஆம்பியர் கேட்டால் அதே இடத்தில் இழப்பு 7.5 வோல்ட் ஆகும்! 12இல் 7.5 போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது நான்கரை. ஆகவே "லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதனால் இணைப்பு நன்றாக இருக்கிறது" என்ற முடிவுக்கு மட்டும் ஒருபோதும் வராதீர்கள்.

டெர்மினலில் இரண்டு பருமன் புழக்கத்தில் இருக்கிறது. தடித்த வகையில் பிளஸ் அடிப்பகுதியில் சுமார் 19.5 மில்லிமீட்டர், மைனஸ் 17.9. மெல்லிய வகையில் பிளஸ் 14.7, மைனஸ் 13. எந்த வகையிலும் பிளஸ்தான் பருமன். தடித்ததற்கான கிளாம்ப்பை மெல்லியதில் மாட்டினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். இதற்கென்று ஈயத்தில் வளையம் கிடைக்கிறது, டெர்மினல் மேல் தொப்பி போலப் போட்டு அதன் மேல் கிளாம்பை மாட்ட வேண்டும். அட்டையோ வயர் துண்டோ சிகரெட் ஃபாயிலோ சொருகுவது அன்றைக்கு ஓடும், பிறகு சூடாகி உருகும். நிரந்தரத் தீர்வு, உங்கள் வண்டிக்கு உரிய டெர்மினல் உள்ள பேட்டரியாகவே மாற்றிக்கொள்வது.

அப்புறம் இன்னொன்று. புது பேட்டரியின் டெர்மினல் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும், பிளஸ்ஸுக்குப் பெரும்பாலும் சிவப்பு. அதைக் கழற்றாமலே மேலே கிளாம்பை மாட்டிவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. மெல்லிய, நிறமில்லாத மூடியாக இருந்தால் இருட்டில் தெரியவே தெரியாது. விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். ஈயம் மென்மையானது, கீறினால் பளபளவென்று கோடு விழும். கோடு விழவில்லையென்றால் மேலே ஏதோ இருக்கிறது.

சரி, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி புதிது, கிளாம்ப் பழையது அல்லவா? பல வருட அழுக்கு அதன் உள்சுவரில் இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த உப்பு கண்ணுக்குத் தெரியும். அது தெரியாவிட்டாலும் சாம்பல் கலந்த கறுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதுதான் கரண்டைத் தடுக்கிறது. உப்பு பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், நுரைத்துக் கரையும். அது பேட்டரி மூடியின் துளை வழியே உள்ளே போய்விடாமல் கிளாம்பைத் தனியாகப் பிடித்துக் கழுவுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, சுற்றிலும் உலோகம் பளபளக்கும்வரை தேயுங்கள். டெர்மினலையும் இரண்டு சுற்று தேயுங்கள். பிறகு கிளாம்பை அடிவரை அழுத்தி உட்கார வைத்து இறுக்குங்கள். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகுதான்.

கிளாம்ப் கையில் இருக்கும்போதே அதில் வந்து சேரும் வயரை இழுத்துப் பாருங்கள். உறைக்குள்ளே வயர் அரித்துப்போய், வெளியே முழுசாகத் தெரிவதுண்டு. வயரை வளைத்தால் மொறுமொறுவென்று இருந்தால் உள்ளே உப்பேறியிருக்கிறது. அந்த வயரையே மாற்ற வேண்டும்.

சின்ன வயர்களை எண்ணுங்கள். பல வண்டிகளில் பிளஸ் கிளாம்போடு தடித்த வயரைத் தவிர ஒன்றிரண்டு மெல்லிய வயர்களும் வரும். அவற்றில் ஒன்று ஈசியூவுக்கு, அதாவது என்ஜினை இயக்கும் கணினிக்கு, கரண்ட் கொண்டுபோவதாக இருக்கலாம். பேட்டரி மாற்றும் அவசரத்தில் அது பேட்டரிக்கு அடியிலோ பக்கத்திலோ நழுவி விழுந்துவிடும். அப்படியானால் செல்ஃப் அருமையாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. மைனஸ் பக்கமும் அப்படித்தான்: ஒரு வயர் பாடிக்கு, இன்னொன்று கியர்பாக்ஸுக்கோ என்ஜினுக்கோ போகும். இரண்டும் அதனதன் போல்ட்டில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்த எர்த் வயர் இல்லையென்றால் செல்ஃப் கரண்ட் திரும்பி வர வழியே கிடையாது.

மீட்டர் இருந்தால் இதையெல்லாம் எண்ணிலேயே பார்த்துவிடலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் டெர்மினல் மேல் வையுங்கள். கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், டெர்மினலின் ஈயத்தின் மேலேயே வையுங்கள். மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் குறை. அதே மாதிரி பிளஸ் டெர்மினலுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த பிளஸ் போல்ட்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மீட்டர் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: டெர்மினலிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து வயர், வயரிலிருந்து போல்ட். எந்த ஒரு தாவலில் எண் குதிக்கிறதோ கோளாறு அந்த இடத்தில்.

புது பேட்டரியும் காலியாக இருக்கலாம்

புதிது என்பதாலேயே சார்ஜ் முழுதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி தானாகச் சார்ஜை இழந்துகொண்டே இருக்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. மாதக்கணக்கில் கிடந்ததை எடுத்து மாட்டினால் அது பாதி காலி.

வண்டி அணைந்திருக்கும்போது இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள். 12.6 அல்லது 12.7 என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம். சார்ஜரிலிருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரி பொய்யாகக் கூடுதல் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்து, சில நிமிடம் விட்டு அளந்தால் உண்மை தெரியும்.

இதைவிட முக்கியமான அளவு, செல்ஃப் அடிக்கும்போது டெர்மினலில் எவ்வளவு நிற்கிறது என்பது. சாதாரண வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முழுச் சார்ஜ் ஏற்றியும் 7, 8 என்று சரிந்தால் பேட்டரியிலேயே குறை. உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுங்கள். டெர்மினலில் 11 நிற்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி நிரபராதி.

பேட்டரியின் அளவும் பொருந்த வேண்டும். டீசல் என்ஜினைச் சுற்றுவதற்குப் பெட்ரோலைவிட அதிக பலம் வேண்டும். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆம்பியர்-மணியும் (பேட்டரியின் கொள்ளளவு) சிசிஏ எண்ணும் (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய கரண்ட்) பேட்டரி மேல் ஒட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள வண்டி என்றால் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணமானது முதல் நாள் ஓடும், சீக்கிரம் படுத்துவிடும்.

காலி என்று தெரிந்தால் சார்ஜரில் போட்டு இரவு முழுக்க விடுவதே நல்லது. அவசரம் என்றால் ஜம்பர் கேபிள்: சிவப்பை முதலில் இந்த வண்டியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல வண்டியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்ல வண்டியின் மைனஸில், கடைசி முனையை இந்த வண்டியின் என்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. தீப்பொறி வருவது கடைசி முனையில்தான், அது பேட்டரி பக்கத்தில் வரக் கூடாது என்பதற்குத்தான் இந்த வரிசை.

பிளஸ் மைனஸ் மாறிவிட்டால்

பேட்டரிகளில் பிளஸ் இடப்பக்கம் இருப்பதும் உண்டு, வலப்பக்கம் இருப்பதும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பெட்டி. வண்டிக்கு உரியதல்லாத பக்கம் வாங்கிவிட்டால் வயர் எட்டாது, எட்ட வைக்கும் முயற்சியில் மாற்றி மாட்டிவிடுவது நடக்கும். மைனஸ் கிளாம்ப் பிளஸ் டெர்மினலுக்குள் இறங்க மறுத்தால் அதுவே எச்சரிக்கை, தட்டி இறக்காதீர்கள்.

ஒரு நொடி தொட்டு பெரிய பொறி வந்ததென்றால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு தேடுங்கள், மெக்கானிக்கிடமும் சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு தகவல் அரைநாளை மிச்சப்படுத்தும். பெரும்பாலும் முதலில் போவது மெயின் ஃப்யூஸ். பிளஸ் கிளாம்பின் மேலேயே அல்லது பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியில், 80 முதல் 140 ஆம்பியர்வரை எழுதி, போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மேல்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே உலோகப் பட்டை அறுந்திருப்பது தெரியும். அது போயிருந்தால் நல்ல சேதி, மற்றதைக் காப்பாற்றத் தன்னைக் கொடுத்திருக்கிறது. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அடுத்து. ஃப்யூஸை மாற்றும்போது அதே ஆம்பியர்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டினால் அடுத்த முறை எரிவது வயரிங்.

வண்டி உங்களைத் திருடன் என்று நினைக்கிறதா?

கரண்ட் அறுந்து திரும்ப வந்ததும் சில வண்டிகள் அலாரம் நிலைக்குப் போய்விடும். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் இம்மொபிலைசர் தடுக்கிறது. வெளியே இறங்கி, கதவைச் சாவியால் ஒருமுறை பூட்டித் திறங்கள். ரிமோட் மட்டும் போதாத வண்டிகள் உண்டு, சாவியையே துளையில் விட்டுத் திருப்ப வேண்டும். பிறகு இக்னிஷனை ஆன் செய்து, விளக்கு அணையும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். இன்னொரு சாவி இருந்தால் அதையும் முயலுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். வண்டிக்கு வண்டி அந்த இடம் மாறும், கையேட்டில் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கியரை 'பி'யிலிருந்து 'என்'னுக்கு மாற்றி முயலுங்கள். மேனுவல் என்றால் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள். பெடல் சுவிட்ச்சுக்கு அடியில் மிதியடி மாட்டியிருந்தாலும் உத்தரவு போகாது.

செல்ஃப் மோட்டார்

பேட்டரி, டெர்மினல், எர்த் எல்லாம் அளந்து சரி என்று தெரிந்த பிறகுதான் இங்கே வர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சொலினாய்டின் மெல்லிய வயரில் மீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் வருகிறது, தடித்த போல்ட்டிலும் வருகிறது, மோட்டார் சும்மா இருக்கிறது என்றால் செல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான். மெல்லிய வயரில் வரவில்லை என்றால் ரிலே, சுவிட்ச், இம்மொபிலைசர் பக்கம் திரும்புங்கள். ஃப்யூஸ் பெட்டியில் ஹாரன் ரிலே அதே வகையாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம், இலவசமான சோதனை.

கார்பன் தேய்ந்த செல்ஃப், ஸ்பேனர் பிடியால் உடம்பில் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் சிலசமயம் சுற்றிவிடும். அது ஒர்க்‌ஷாப்வரை போய்ச் சேர உதவும், அவ்வளவே. செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

மேனுவல் கியர் வண்டியைத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டு எடுத்துவிட்டால் எரிபொருள், இம்மொபிலைசர், ஈசியூ எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். குறை செல்ஃப் வரிசையில் மட்டும். தள்ளக் கூடாது என்று கையேடு சொல்லும் வண்டிகளில் இதைச் செய்ய வேண்டாம். என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாக இருக்கும், சரிவில் தள்ளாதீர்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

மேலே சொன்ன சின்ன வயரை மறுபடி பாருங்கள். அடுத்து ஃப்யூஸ் பெட்டியில் இக்னிஷன், ஈசியூ, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ்கள். மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் பெரும்பாலும் கேட்கும். வழக்கமாகக் கேட்பது இப்போது இல்லையென்றால் அதன் ஃப்யூஸ், ரிலே. பலமுறை முயன்று பெட்ரோல் வாசனை வந்தால் என்ஜினில் எரிபொருள் தேங்கிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல பெட்ரோல் வண்டிகளில் அப்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் அனுப்பும்.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால்

இது பலரை பயமுறுத்துகிறது, பயப்பட ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் த்ராட்டில் பாடியின் (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பகுதி) ஓரத்தில் கரி படிந்து காற்றுப் போகும் வழி குறுகியிருக்கும். ஈசியூ அதைக் கவனித்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும் ஐடிலிங்கில் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். பேட்டரியைக் கழற்றியதும் அந்தப் பழக்கம் அழிந்துபோய், புது வண்டிக்கான அளவுக்கே திறக்கிறது. கரி படிந்த வழியில் அந்தக் காற்று போதாமல் என்ஜின் திணறி நிற்கிறது.

ஸ்டார்ட் ஆகும்போதே ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் சூடானதும் ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காலை எடுத்து, பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அப்புறம் ஏசியைப் போட்டு இன்னொரு ஐந்து நிமிடம். பெரும்பாலான வண்டிகள் தாமே பழகிக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு நாளாகியும் நிற்காமல் நடுங்கினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஸ்டார்ட் ஆன பிறகு

என்ஜின் ஓடும்போது டெர்மினலில் அளந்தால் 13.8க்கும் 14.7க்கும் நடுவே இருக்க வேண்டும். 12.5 என்று இருந்து இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. பழைய பேட்டரியைக் கொன்றது அதுதான், புதியதையும் ஓரிரு நாளில் காலி செய்துவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் சார்ஜை ஈசியூ கூட்டிக் குறைக்கும், அதனால் ஹெட்லைட்டைப் போட்டுச் சற்று நேரம் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். ஆல்டர்னேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். கழற்றும் கணத்தில் வோல்டேஜ் எகிறி ஈசியூவைப் பொசுக்கிவிடும்.

சார்ஜ் சரியாக இருந்தும் காலையில் மறுபடி எடுக்கவில்லை என்றால் நிறுத்தியிருக்கும்போது ஏதோ கரண்டைக் குடிக்கிறது. மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே வையுங்கள். இந்த நிலையில் இக்னிஷனைத் தொடக் கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். கதவெல்லாம் பூட்டி அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம், வண்டியின் கணினிகள் உறங்கும்வரை காத்திருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள் தாங்காது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதை இழுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த ஃப்யூஸில் ஓடும் சாமான்களைத் தேடுங்கள்: மூடியும் அணையாத டிக்கி விளக்கு, பின்னால் சேர்த்த மியூசிக் சிஸ்டம், கண்ணாடியில் ஒட்டிய கேமரா.